உலாயுக்கின் மஞ்சள் விளக்கு

டிசம்பர் பதினான்காம் தேதி பகல் ஒன்றே காலுக்கு ஐப்பிலிக் ரேடியோவில் பேசினான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவன் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"சாமான் ஏத்தியாச்சு. கிளம்பறேன். என்ன, ஊர்ல எல்லாரும் தூங்கிட்டீங்களா? காலைலேர்ந்து ஒரு சத்தமும் காணோம்."

சமையலறை மேசைமேல் இருந்த ரேடியோவைப் பார்த்து அவன் மனைவி ரோடா சிரித்தாள். மற்ற வீடுகளிலும் யாராவது சிரித்திருப்பார்கள். அன்று காலையிலிருந்து ரேடியோ ஓயவே இல்லை.

ஐப்பிலிக்கின் அம்மா உலாயுக் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், கப்பலில் சரக்கு வந்த இரும்புப் பெட்டி ஒன்றைப் பட்டறையாக்கி வைத்திருந்தாள். பகல் முழுதும் அங்கேதான். அங்கே ரேடியோ கிடையாது.

வடதுருவத்தை ஒட்டி, நூற்றிருபது வீடுள்ள அந்தக் கடற்கரை ஊரில் ரேடியோவை அணைத்து வைக்கும் ஒரே ஆள் அவள். மற்றவர்கள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது பேசிக்கொண்டிருக்கும். வேட்டைக்குப் போனவர்கள், போய்க்கொண்டிருப்பவர்கள், யார் வீட்டில் ரொட்டி மிஞ்சியிருக்கிறது, யார் வீட்டு நாய் அவிழ்த்துக்கொண்டது, எல்லாம் அதில் வரும். உலாயுக்குக்கு ஒவ்வொரு குரலும், அது யாருடையது என்று தெரிவதற்கு முன்பே, வயிற்றைப் பிசையும். அதனால் கையில் வேலை இருக்கும்போது கேட்க மாட்டாள்.

ஐம்பத்தேழு வயது. நகராட்சி கராஜில் பத்தொன்பது வருஷம் தண்ணீர் லாரியும் பனி தள்ளும் வண்டியும் பழுது பார்த்தவள். ஆங்கிலம் தட்டித் தடவித்தான் படிப்பாள். கம்பிகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று காட்டும் படம் என்றால் ஒரு பார்வை போதும். எந்த மரையை முறுக்கினாலும் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் முறுக்கிப் பார்ப்பாள். ஊரில் அவளுக்கு 'இன்னொருதரம்' என்றே பெயர். முகத்துக்கு நேராகக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஐப்பிலிக் பிறந்தது அவளுடைய அப்பா இறந்த ஏழாம் நாள். தாத்தாவின் பெயரை வைத்தார்கள். பெயரோடு உறவும் வந்துவிட்டது. அவள் மகனை 'அப்பா' என்பாள். அவன் அவளை 'மகளே' என்பான். அவளுடைய தம்பி ஜோவனாசிக்கும் அவன் அப்பாதான். ஐந்து வயதில் அவன் ஜோவனாசியை "மூக்கைத் துடைடா" என்று அதட்டியிருக்கிறான். முப்பது வயது ஜோவனாசி துடைத்துக்கொண்டான்.

நவம்பரில் சூரியன் போவதற்கு முந்தின வாரம் ஐப்பிலிக் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"மகளே, எல்லார் பனிவண்டிலயும் வெள்ளை விளக்கு. என் வண்டில மட்டும் மெழுகுவத்தி."

"ஒன் வண்டி பழசுப்பா. பாட்டரி கிடையாது."

"எல்.இ.டி. போட முடியுமா, முடியாதா?"

"முடியும். யோசிக்கணும்."

"யோசி. கோடைக்குள்ள யோசிச்சு முடிச்சிடு."

அவள் யோசித்தாள். பாட்டரி இல்லாத வண்டியில் எஞ்சின் சுற்றும்போது பிறக்கும் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடும். பழைய பல்புக்கு அது ஒரு பொருட்டில்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் எரியும். எல்.இ.டி. ஒரே திசையில்தான் வாங்கும். அப்படியே மாட்டினால் படபடவென்று துடித்து, ஒரு வாரத்தில் கருகிவிடும். ரெக்டிஃபயர் போட்டு ஓட்டத்தை ஒரு திசைக்குத் திருப்பி, ஏற்ற இறக்கத்தை அடக்க ஒரு பெரிய கண்டன்சரும் வைத்தாள். அதற்கு, மின்சாரம் பிறக்கும் கம்பிச்சுருளின் ஒரு முனையை வண்டியின் உடம்பிலிருந்து கழற்றித் தனிக்கம்பியாக இழுக்க வேண்டியிருந்தது. உடம்பில் எங்கே உரசினாலும் பொறி பறக்கும். மூன்று சுற்று டேப் சுற்றினாள். மறுநாள் பிரித்துப் பார்த்து நான்காம் சுற்றும் சுற்றினாள்.

பிறகு ரெகுலேட்டர். இரண்டு பல்பும் சேர்ந்து நூற்றிருபது வாட் தின்றுகொண்டிருந்தன. புது விளக்குகளுக்கு நாற்பதுகூட வேண்டாம். மிஞ்சுகிற எண்பதும் எங்காவது போயாக வேண்டும். அந்தக் காலத்து ரெகுலேட்டர் அதைத் தன் தலையில் சூடாக வாங்கிக்கொள்ளும். வாங்கி வாங்கி ஒருநாள் வெடிக்கும். நட்டநடுக் கடல்பனியில் வெடிக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மூடிக்குள் கிடந்ததை வெளியே எடுத்து, அலுமினியத் தகட்டில் பதித்து, சக்கரப்பட்டை பனியை வாரியடிக்கும் இடத்தில் பொருத்தினாள்.

அதன்பின்தான் பெரிய கவலை வந்தது. பல்பு சுடும். ஓடும்போது கண்ணாடியில் படிகிற பனி உருகி வழிந்துவிடும். எல்.இ.டி. குளிர்ந்தே கிடக்கும். அரை மணி ஓட்டினால் கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டு, உள்ளே பளீரென்று எரியும், வெளியே இருட்டாயிருக்கும். உடைந்த வண்டி ஒன்றின் கைப்பிடியைச் சூடாக்கும் கம்பியைப் பிரித்தெடுத்து இரண்டு விளக்கின் கண்ணாடி விளிம்பிலும் ஒட்டினாள். மிஞ்சின மின்சாரத்துக்கும் ஒரு வேலை ஆயிற்று.

எல்லாம் முடிந்து, கதவைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட விட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ரெகுலேட்டர் கை தாங்கும் சூடு. கண்ணாடி வெதுவெதுப்பு. இன்னொரு தரம் ஒரு மணி நேரம் ஓட விட்டாள்.

ரேடியோ சமையலறையில் இருந்தது.

ஐப்பிலிக் புது விளக்கோடு முதல்முறையாகத் தூரம் போனது அன்றுதான். உறைந்து கிடந்த ஜலசந்திக்கு அந்தப் பக்கம், கோடையில் கற்களுக்கடியில் புதைத்து வைத்த வால்ரஸ் இறைச்சியைத் தோண்டி எடுத்து வரப் போனான். சூரியன் இல்லாத மாதம். தோண்டவும் ஏற்றவும் வெளிச்சம் வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும். அதனால் நாள் முழுதும் எஞ்சினை நிறுத்தியிருக்க மாட்டான்.

இரண்டு மணிக்கு உலாயுக் டீ குடிக்க வந்தாள். ஜோவனாசி மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அன்று காலை அவனும் ஜலசந்தியைத் தாண்டி வந்தவன்.

"அக்கா, தெரியுமா? குறுக்குப் பாதை வாயைப் பிளந்துடுச்சு. நான் தாண்டினப்புறம் திரும்பிப் பாத்தா கறுப்பா ஒரு கோடு. பத்து நிமிஷத்துல ரோடு அகலம்."

அவள் டம்ளரை எடுத்தவள் எடுத்த இடத்திலேயே நிறுத்தினாள்.

"அமாவாசைக் கடல் ஏத்தம். காத்தும் திரும்பிடுச்சு," என்றான் அவன். "பதினொரு மணிலேர்ந்து ரேடியோல கத்திக்கிட்டிருக்கோம். பழைய வழியா யாரும் வராதீங்க, வடக்கே முனையைச் சுத்தி வாங்கன்னு. எல்லாரும் சுத்திட்டாங்க. அப்பா ஒருத்தர்தான் பாக்கி."

"அப்பா கேட்டானா?"

"கேட்டிருப்பாரு. பதில் சொல்ல சோம்பேறித்தனம். மொதல் தடவை உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே."

ரோடா சிரித்தாள். "ஊரே தூங்குதான்னு கேட்டாரு அத்தை. உங்கப்பாவுக்கு இன்னிக்குக் கிண்டல் ஜாஸ்தி."

"என்ன கேட்டான்? அப்படியே சொல்லு."

ரோடா சொன்னாள். காலையிலிருந்து ஒரு சத்தமும் காணோம் என்றானாம்.

"நீ பதில் சொன்னியா?"

"சொன்னேனே. தூங்கல, பாதை வெடிச்சிருக்கு, வடக்கே சுத்தி வாங்கன்னு ரெண்டு தரம் சொன்னேன்."

"அவன்?"

ரோடாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. "ஒண்ணும் சொல்லல. கிளம்பிட்டாருன்னு நெனச்சேன்."

உலாயுக் டீயை வைத்தாள். ரோடாவின் கைரேடியோவை எடுத்துக்கொண்டாள். "மேசை ரேடியோல பேசிக்கிட்டே இரு. நிறுத்தாதே."

"என்ன பேசறது?"

"எதையாவது."

பட்டறையில் ஒரு எல்.இ.டி. விளக்கு மிச்சம் இருந்தது. இரண்டு வேண்டிய இடத்தில், ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று மூன்று வரவழைத்திருந்தாள். அதை மேசை பாட்டரியில் மாட்டும் முன் கைரேடியோவைத் திறந்தாள். ரோடாவின் குரல் தெளிவாக வந்தது. "...அத்தை டீயைத் தொடக்கூட இல்ல, மாமா என் ரொட்டியப் பூராவும் தின்னுட்டாரு, இப்ப வெண்ணெய்ல கை வெக்கிறாரு..."

கம்பியை வைத்தாள். விளக்கு பளீரென்றது. ரேடியோ சர்ரென்று இரைந்தது. ரோடா காணாமல் போனாள்.

அந்த இரைச்சலோடு யாரும் நாள் முழுதும் வண்டி ஓட்ட மாட்டார்கள். மேலே இருக்கும் சின்னக் குமிழைத் திருகி அடக்குவார்கள். உலாயுக் திருகினாள். இரைச்சல் நின்றது. சுத்தமான அமைதி. இந்த அமைதியைத்தான் அவன் ஊர் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கம்பியை எடுத்தாள். "...போதுமா அத்தை, இன்னும் பேசணுமா?" என்றாள் ரோடா.

உள்ளே வந்தபோது உலாயுக்கின் முகத்தைப் பார்த்து ஜோவனாசி எழுந்துவிட்டான்.

"வெளக்கு எரிஞ்சா அவனுக்குக் கேக்காது. அவன் பேசினா நமக்குக் கேக்கும். நாம பேசறது அவனுக்குக் கேக்காது. வெளக்குக்குள்ள இருக்கற சின்ன சர்க்கியூட் பண்ற வேலை. எல்லாம் பாத்தேன். இத மட்டும் பாக்கல."

ஜோவனாசி கணக்குப் போட்டான். பாரம் ஏற்றிய கமுத்திக்கை, அந்த நீளச் சறுக்குவண்டியை, பின்னால் கட்டி இழுத்து வருகிறவன் வேகமாக வர முடியாது. ஒன்றே காலுக்குக் கிளம்பியிருக்கிறான். பிளவுக்கு வந்து சேர மூன்றரை, மூன்றே முக்கால் ஆகும். ஊரிலிருந்து பிளவு ஒன்பது கிலோமீட்டர்.

"பொறப்படு," என்றான். "ஆறேழு வண்டி போவோம். இந்தக் கரையில வரிசையா வெளக்கைப் போட்டு நிப்போம். பாத்துட்டு..."

பாதியில் நின்றான்.

"பாத்துட்டு?" என்றாள் உலாயுக்.

"நேரா வருவாரு."

அந்தக் கடலில் வெளிச்சம் என்றால் இங்கே வா என்று அர்த்தம். வழி தப்பியவன், எண்ணெய் தீர்ந்தவன், எவனானாலும் வெளிச்சத்தைப் பார்த்து வருவான். ஐப்பிலிக்கும் வருவான், சந்தோஷமாக, இன்னும் கொஞ்சம் வேகமாக.

இரண்டு பேரை வடக்கே சுற்றி எதிரே போகச் சொல்லி ரேடியோவில் சொன்னார்கள். அவர்கள் அவனிருக்கும் பக்கம் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும்.

"வண்டிய நிறுத்தினா கேக்கும்," என்றாள் உலாயுக். "வெளக்கு அணைஞ்சா ரேடியோ சரியாயிடும். ஒரு நிமிஷம் நிறுத்தினா போதும்."

"நிறுத்துன்னு எப்படிச் சொல்றது?"

"நாம நிறுத்தினா அவனும் நிறுத்துவான்."

ஜோவனாசிக்குப் புரிந்தது. கடலில் எதிரெதிரே வருகிற இருவரில் ஒருவர் எஞ்சினை நிறுத்தினால் மற்றவரும் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் போவது முகத்தைத் திருப்பிக்கொள்வது. பத்து வருஷமாகப் பேசாதவர்கள்கூட நிறுத்தி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"அது கிட்டத்துலக்கா. தூரத்துல ஒரு வெளக்கு அணைஞ்சா, எவனோ பனி மேட்டுக்குப் பின்னால போறான்னு நெனச்சுட்டு வந்துக்கிட்டே இருப்பாரு."

"எவனோன்னா அப்படித்தான். என் வெளக்குன்னா?"

ஜோவனாசி அவளைப் பார்த்தான். ஊரில் பழைய மஞ்சள் பல்பு இருக்கும் பனிவண்டி இப்போது ஒன்றே ஒன்று. அது அவளுடையது. மகனுக்கு மாற்றிக் கொடுத்தவள் தன்னுடையதை மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இல்லை. கடைக்கும் விமான நிலையத்துக்கும் பட்டறைக்கும் ஓடுகிற வண்டி. அவள் கடல்மேல் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. கூப்பிட்டவர்களிடமெல்லாம் வயிறு சரியில்லை என்பாள். அது பொய்யும் இல்லை.

"நீயா வரப்போற?"

"வேற எந்த வெளக்கப் பாத்தா அவன் நிப்பான்?"

ரோடா எழுந்து தன் நரித்தோல் கழுத்துப்பட்டையை அவிழ்த்து மாமியார் கழுத்தில் சுற்றினாள். "உங்கப்பாகிட்ட சொல்லுங்க அத்தை," என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

கரையைத் தாண்டிக் கடல்மேல் இறங்கியதும் வண்டியின் சத்தம் மாறியது. கீழே வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்தது. அப்படி இல்லை, நான்கு அடிப் பனி என்று உலாயுக் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கைப்பிடியை முறித்துவிடுவதுபோலப் பிடித்திருந்தாள். முன்னால் ஜோவனாசியின் வெள்ளை விளக்கு போயிற்று. அது விழுந்த இடமெல்லாம் பனி ஒரே தட்டையாக, காகிதம்போலத் தெரிந்தது. மேடு பள்ளம் இல்லை, நிழல் இல்லை. இந்த வெளிச்சத்தில் மூன்று விரற்கடைப் பனியும் நான்கு அடிப் பனியும் ஒன்றுதான். இதையும் நான் யோசிக்கவில்லை என்று நினைத்தாள்.

பிளவுக்குக் கொஞ்சம் முன்னால் ஜோவனாசி நிறுத்திவிட்டு இறங்கினான். ஈட்டியால் தட்டித் தட்டி நடந்தான். அவள் அவன் அடிச்சுவட்டிலேயே மிதித்துப் பின்னால் போனாள். கடலின் வாடை வந்தது. எதிரே பிளவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மெல்லிய ஏடு படிந்து, அதன்மேல் காற்று பொடிப்பனியைத் தூவியிருந்தது. காலையில் வண்டிகள் போன தடம் அதன் விளிம்புவரை போய், அந்தப் பக்கம் தொடர்ந்தது. நடுவில் மட்டும் காணோம். ஜோவனாசி ஈட்டியை ஓங்கிக் குத்தினான். முதல் குத்தில் நின்றது. இரண்டாவதில் உள்ளே போயிற்று. இழுத்தபோது தண்ணீர் கறுப்பாகப் பொங்கி வந்தது.

பின்வாங்கி வண்டிகளிடம் வந்தார்கள். இரண்டு எஞ்சினையும் நிறுத்தினார்கள். இருட்டில் நின்றார்கள்.

"மணி?"

"மூணு இருபத்தஞ்சு."

கொஞ்சம் கழித்து, "மணி?"

"மூணு இருபத்தேழு. அக்கா, ஒன்ன ஒரு கடிகாரத்துக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கணும்."

அவள் எஞ்சின் மூடிமேல் கையை வைத்தாள். எஞ்சின் ஆறிக்கொண்டிருக்கும். இழுத்தால் பிடிக்குமா? ஸ்பார்க் பிளக்கைப் போன மாதம்தான் மாற்றினாள். ஒரு மாதம் ஆகிவிட்டது.

மூன்று முப்பத்தெட்டுக்கு ஜோவனாசி கையை நீட்டினான். தொடுவானத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அசையாமல் இருந்தது. நேராக வருகிற விளக்கு அசையாது.

உலாயுக் கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது. மஞ்சள் வெளிச்சம் பனியில் விழுந்தது, மங்கலாக, வெண்ணெய்போல. விசையை அழுத்தினாள். எஞ்சின் ஏற ஏற பல்பும் ஏறியது. விட்டாள், இறங்கியது. பழைய பல்பால் மட்டும் முடிகிற காரியம். அந்த வெள்ளை விளக்குகள் எப்போதும் ஒரே மாதிரி எரியும். அப்படி எரியத்தான் அவள் அத்தனை பாடுபட்டாள். அழுத்தினாள், விட்டாள். மூன்று தடவை. பிறகு எஞ்சினை நிறுத்தினாள்.

வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது.

"நிக்கல," என்றான் ஜோவனாசி.

"பாத்திருக்க மாட்டான்."

"பாத்திருப்பாரு. யோசிக்கிறாரு. யாருக்கோ மஞ்சள் வெளக்கு, யாரா இருக்கும்னு."

"இன்னொருதரம்."

கயிற்றை இழுத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தாள். எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. ஜோவனாசி கையை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. காலை ஊன்றி உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தாள். பிடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். புள்ளி இப்போது இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு விளக்கும் தனித்தனியாகத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டான்.

ஏற்றினாள். இறக்கினாள். ஏற்றினாள். இறக்கினாள். நிறுத்தினாள். கையுறையைப் பல்லால் கடித்து உருவி, ரேடியோவின் பொத்தானில் விரலை வைத்தாள்.

அந்தப் பக்கம் விளக்குகள் அணைந்தன.

இதைத்தான் அவள் வேண்டியிருந்தாள். வண்டி தண்ணீருக்குள் போனாலும் இப்படியேதான் அணையும்.

"அப்பா."

ரேடியோ சும்மா இருந்தது.

"அப்பா, நகராதே. எஞ்சினைத் தொடாதே. முன்னால வெடிச்சிருக்கு."

ஜோவனாசி மூச்சு விடவில்லை. அவன் வாயிலிருந்து ஆவி வராததைப் பார்த்து அவளுக்கு அது தெரிந்தது. குளிரில் பொத்தான் விரலில் ஒட்டிக்கொண்டு எரிந்தது.

"மகளே?"

அவள் வண்டி இருக்கையில் உட்கார்ந்தாள்.

"மகளே, கடல்மேலயா இருக்க நீ? வயிறு எப்படி இருக்கு?"

"நகராதே."

"நகரல. எங்க வெடிச்சிருக்கு?"

"ஒனக்கும் எனக்கும் நடுவுல. ரோடு அகலம். மேல பனி தூவியிருக்கு, தெரியாது."

டார்ச் வெளிச்சம் ஒன்று அங்கே முளைத்து, மெதுவாக முன்னே நகர்ந்து, நின்று, அதைவிட வேகமாகப் பின்னால் போயிற்று.

"காலைலேர்ந்து ஏன் யாரும் சொல்லல?" குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"சொல்லிக்கிட்டே இருந்தோம். வெளக்கு எரியறப்ப ஒனக்குக் கேக்காது. நான் போட்ட வெளக்குதான். அப்புறம் திட்டு. எஞ்சின் ஆறிடும், மொதல்ல கேளு. மூடியத் தூக்கு. வலது பக்கம் செவப்பு டேப் சுத்தின வெளக்கு பிளக் ஒண்ணு இருக்கும். அதப் புடுங்கிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு."

நீண்ட நேரம் ஆயிற்று. பிறகு அந்தப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் மெலிதாகக் காற்றில் வந்தது. வெளிச்சம் வரவில்லை.

"இப்பக் கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

"வடக்கே திரும்பி, பிளவை விட்டு நல்லாத் தள்ளி, முனைவரைக்கும் போ. எதுத்தாப்புல ரெண்டு பேர் வராங்க. ஓட்டறப்ப பிளக்கை மாட்டிக்கோ. அரை மணிக்கு ஒருதரம் நின்னு, புடுங்கிட்டு, பேசு. எஞ்சினை நிறுத்தாதே. புடுங்கறப்ப கையுறை இல்லாம ரொம்ப நேரம் வெச்சுக்காதே. கம்பி வண்டி உடம்புல படாமப் பாத்துக்கோ."

"சரி."

"நாலு சுத்து டேப் சுத்தியிருக்கேன். இருந்தாலும் பாத்துக்கோ."

"சரி மகளே. இப்ப மாட்டப் போறேன். மாட்டினா கேக்காது. வேற ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு."

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ரோடா சொல்லச் சொன்னதும் அதில் இருந்தது.

"கண்ணாடியில பனி அப்பியிருந்தாத் தொடச்சுக்கோ."

"ஒரு துளி ஒட்டல. பளபளன்னு இருக்கு."

வெள்ளை வெளிச்சம் மறுபடி எரிந்தது. மெல்ல வடக்கே திரும்பியது. பக்கவாட்டில் திரும்பியதும் விளக்குகள் மறைந்து, முன்னால் பனியில் ஒரு வெளிறிய தீற்றல் மட்டும் ஊர்ந்துகொண்டே போயிற்று. பிறகு அதுவும் பனி மேடுகளுக்குப் பின்னால் போய்விட்டது.

ஜோவனாசி ஃபிளாஸ்கைத் திறந்தான். "இப்பவாவது டீ குடிக்கிறியா?"

"மணி?"

"நாலு ஆறு."

"நாலரைக்குப் பேசணும் அவன்."

ரேடியோவில் ஊர் முழுதும் பேச ஆரம்பித்திருந்தது. யாரோ அழுதார்கள், யாரோ உலாயுக் கடல்மேல் போயிருக்கிறாளாமே என்று கேட்டார்கள், யாரோ நம்பவில்லை. அணைக்கும் பொத்தானின்மேல் கட்டைவிரல் இருந்தது. பழக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எடுத்துவிட்டாள்.

நாலு இருபத்தெட்டுக்குப் பேசும் பொத்தானை அழுத்தினாள். "நான் உலாயுக். எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அவன் பேசணும்."

ஊர் அடங்கியது. அந்தக் கடற்கரையில் யாரும் அப்படி ஒரு அமைதியை ரேடியோவில் கேட்டதில்லை. நாலரை ஆயிற்று. நாலு முப்பத்திரண்டு. ஜோவனாசி கடிகாரத்தைக் கைச்சட்டைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்து மறுபடி வெளியே இழுத்தாள். நாலு முப்பத்தஞ்சு. யாரும் பேசவில்லை. இருமக்கூட இல்லை.

நாலு முப்பத்தாறுக்கு ரேடியோ கறகறத்தது.

"என்ன, எல்லாரும் தூங்கிட்டீங்களா?"

"இல்லப்பா," என்றாள் உலாயுக்.